சொல்ல வேண்டாம் என்ற கன்னியம்மா

கன்னியம்மா செத்துப்போய்விட்டாள். காலையில் அனந்தபுரத்திலிருந்து அவள் மகன் போன் செய்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சின்னம்மா..."

இதைப் படிக்கிற யாருக்கும் அவளைத் தெரிந்திருக்காது. அறுபதுகளில் செஞ்சி ஹைஸ்கூலில் என்னோடு படித்தவள். எங்களைவிட மூன்று வயது பெரியவள்.

வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி, கல்யாணம் பேசி, அது முறிந்து... வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் அவள் நைனா மறுபடியும் ஒன்பதாவதில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

"அக்கான்னு எவளாவது கூப்ட்டீங்க, அறைஞ்சிடுவேன். கிளாஸ்ல மானம் போவுது" என்பாள்.

எங்கள் உடம்பில் என்ன நடக்கப்போகிறது என்று எங்களுக்குச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அம்மாக்கள் சொல்லவில்லை. டீச்சர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்தது ஸ்கூலில். சாகப்போகிறேன் என்று நினைத்து அழுதேன். கன்னியம்மா தன் பையிலிருந்து பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கொடுத்தாள்.

"சாவ மாட்டடி. ஆனா வூட்ல சொன்னீனா உன் படிப்பு செத்துடும்."

உண்மைதான். பச்சை ஓலை கட்டி உட்கார வைத்து, மஞ்சத்தண்ணி ஊற்றி, ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டு... அப்படிப் போன பெண்களில் கன்னியம்மாவைத் தவிர யாரும் கிளாஸுக்குத் திரும்பி வரவில்லை.

அதனால் மறைத்தோம். நானும் சரோஜாவும். சரோஜா கடைவீதி மளிகைக்கடைக்காரர் மகள், கணக்கில் படுகெட்டி. எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கிறவரை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

வீட்டில் துணி துவைக்க முடியாது, காயப்போட முடியாது. சாயங்காலம் கோட்டைக் குளத்தில் அலசி, இடிந்த மதிலுக்குப் பின்னால் பாறையில் விரித்துவிடுவோம். காய்கிறவரை கன்னியம்மா காவல். எவனாவது ஆடு ஓட்டிக்கொண்டு வந்தால் கல்லை விட்டெறிவாள். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

சரோஜாவுக்கு மட்டும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. வாரக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தது. முகம் வெளுத்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

"பயமா இருக்குது கன்னி. அம்மாகிட்ட சொல்லிடட்டா?" என்று அவள் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சொல்லாதடி. கொஞ்ச பேருக்கு அப்படித்தான் இருக்கும். வெல்லம் துன்னு, சரியாப்பூடும்."

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுக்கே வயது பதினேழு.

ஒருநாள் பிரேயரில் சரோஜா மயங்கி விழுந்தாள். வாடகைக் கார் பிடித்து விழுப்புரம் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை.

மகள் வயசுக்கு வந்த விஷயமே ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் அவள் அம்மாவுக்குத் தெரிந்தது.

எழவு வீட்டில் கன்னியம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றாள். "நான்தான்மா சொல்ல வேணாம்னு சொன்னேன். படிப்ப நிறுத்திடுவீங்கன்னு..."

சரோஜா அம்மா அவள் தலைமுடியைப் பிடித்துவிட்டாள்.

"ஆமாடி, நிறுத்தியிருப்பேன்! நிறுத்தியிருந்தா என் புள்ள உசுரோட இருந்திருக்கும்டி!"



"இன்னும் யாரு யாருக்குடி சொல்லிக் குடுத்த?" என்று அத்தனை பெண்களும் சுற்றி நின்று கேட்டார்கள். அடி விழுந்தது. நான் தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். கன்னியம்மா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேற யாருக்கும் இல்ல."

அதோடு அவள் ஸ்கூல் முடிந்தது. பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டி அனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் அம்மா என்னையும் பிடித்துக் கேட்டாள். இல்லை என்றேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸான பிறகுதான் வீட்டில் 'வயசுக்கு வந்தேன்'. டீச்சர் டிரெயினிங், வேலை, பென்ஷன்... எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

எத்தனையோ வருஷம் கழித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். என் மகள் அப்போது சின்னப் பெண். "இவகிட்ட எல்லாம் சொல்லிட்டியா?" என்றாள். வயசாகட்டும் என்று இழுத்தேன்.

அத்தனை ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் குனிந்து என் மகளின் கன்னத்தைப் பிடித்தாள்.

"இன்னா ஆனாலும் அம்மாகிட்ட சொல்லிடணும் கண்ணு. படிப்பு போனா போவுது."

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

ஒருமுறைகூட நான் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. சொன்னால் சரோஜாவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். கிளம்பிவிட்டேன்.

போய் வா, கன்னியம்மா.