பேயைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறவள்

விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னிடம் கத்தாத ஆள் கிடையாது. வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றால் பரோட்டா தின்றுவிட்டு வந்து நிற்பார்கள். இன்றைக்கு எடுக்க முடியாது என்று சொன்னால் நான்தான் அவர்கள் குடும்பத்துக்கே ஜென்மப் பகை. டாக்டர் தாமதமாக வந்தாலும் திட்டு எனக்குத்தான். இதில் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளணும் என்று மேனேஜர் வேறு. இத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் என்று நின்று நின்று வரும் பாசஞ்சரில் திண்டிவனத்தில் வந்து இறங்குகிறவள், ஏழரை மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு நாலு பேய்களைக் கூப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அது ஆன்லைன் விளையாட்டு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து சேர்ந்து விளையாடுவது. அதில் ஆளுக்கொரு தொழில். ஒருத்தன் வாளும் கேடயமுமாக முன்னால் நின்று அடி வாங்குவான், ஒருத்தன் அம்பு விடுவான், ஒருத்தர் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பார். என் தம்பிதான் என்னைச் சேர்த்துவிட்டான். நீ வைத்தியம் பார்க்கிற ஆளா இரு, பொம்பளைங்க நிறைய பேர் அதுதான் எடுப்பாங்க என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பகலெல்லாம் நோயாளிகளோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதேயா? வேறென்ன இருக்கிறது காட்டு என்றேன். கடைசியில் ஒருத்தி வந்தாள். கறுப்பு அங்கி, கையில் தடி, மந்திரம் சொல்லிப் பேய்களை வரவழைத்து வேலை வாங்குகிறவள். அவள் பின்னால் நின்று கையைக் காட்டினால் போதும், பேய் போய் அடிக்கும். இவள்தான் நான் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் நினைத்த மாதிரி சொகுசு இல்லை. பெரிய மந்திரம் போட வேண்டுமென்றால் என் உயிரிலிருந்து கொஞ்சம் கழிந்துவிடும். என்னிடம் இருந்த பேய்களில் சின்னது நெருப்பு எறியும், எந்நேரமும் முணுமுணுக்கும். பெரியது கொம்பு வைத்தது, வாய் திறக்காது, எனக்கு விழுகிற அடியில் பாதியைத் தான் வாங்கிக்கொள்ளும். நான் போகிற இடமெல்லாம் என் பின்னாலேயே வரும். எங்கள் தெரு நெட் இருக்கிற லட்சணத்தில், நில் என்று நான் சொன்னது அதற்குப் போய்ச் சேர்வதற்குள் அது அடுத்த குகைக்குள் புகுந்து, சிவனே என்று கிடந்த அரக்கர்களையெல்லாம் எழுப்பி இழுத்துக்கொண்டு வந்துவிடும். மொத்த டீமும் சாகும். யார் பெத்த பிள்ளைகளோ, என்னென்னமோ பாஷையில் திட்டுவார்கள். தம்பி மட்டும் சிரிப்பான்.

அவன் குவைத்தில் இருக்கிறான். ஏ.சி. மெக்கானிக் வேலை என்று கண்டமங்கலத்து ஏஜென்ட் ஒருவர் அனுப்பிவைத்தார். போனவன் கையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பதிலாக மூட்டையைக் கொடுத்தார்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் மாடிக்கு மாடி சாமான் ஏற்றுகிற வேலை. பாஸ்போர்ட் கம்பெனிக்காரனிடம். ஊருக்குப் போகணும் என்று கேட்டால் அடுத்த மாசம் என்பான், அடுத்த மாசம் கேட்டால் அதற்கடுத்த மாசம். இதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை லீவு நாளில் அவன் அம்மாவுக்குப் போன் செய்து, நல்ல வேலை, நல்ல ரூம், குளுகுளுவென்று இருக்கிறது என்று அளந்துவிடுவான். அம்மாவும் ஜெபக்குழுவில் போய் அதை அப்படியே சாட்சியாகச் சொல்லிவிட்டு வருவாள்.

என்னிடமும் அவன் போனில் ஒன்றும் சொன்னதில்லை. எப்படி இருக்கிறாய் என்றால், சூப்பர் என்பான். கூட இருக்கிற ரூம்காரன் ஒருவனின் லேப்டாப்பில் விளையாட்டுக்குள் வந்தால்தான் அவன் வாய் திறக்கும். அவன் வாள்காரன், முன்னால் நிற்பான், நான் பின்னால். ஹெட்செட்டில் பேசிக்கொண்டே விளையாடுவோம். கை சண்டையில் மும்முரமாக இருக்கும்போது வாய் தன்பாட்டுக்கு உண்மையைச் சொல்லிவிடும். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருமே அப்படித்தான், நேருக்கு நேர் உட்கார்த்தி வைத்துக் கேட்டால் ஒரு வார்த்தை பெயராது.

அப்படித்தான் ஒருநாள் சொன்னான். "அக்கா, பெரிய பேயை இந்தப் பக்கம் விடு. நேத்து வெயில்ல மயக்கம் வந்து படியில வுழுந்துட்டன்க்கா, முதுகு பிடிச்சிக்கினு நிமிர முடியல. இன்னைக்கும் மூட்டை தூக்க வுட்டுட்டானுங்க. லெஃப்ட்ல வருது பாரு, லெஃப்ட்ல."

லெஃப்டில் வந்தது என்னை அடித்துப் போட்டுவிட்டது. நான் விரலை அசைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டேன். போனால் சம்பளம் கிடையாது என்றான். ஏஜென்டுக்குப் போன் போட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கண்டமங்கலத்துக்கே பஸ் ஏறிப் போனேன், அவர் ஆபீஸ் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் பதறிவிட்டான். "வேணாங்க்கா. நீ மனு கினு குடுத்தேன்னா இங்க எனக்குத்தான் பேஜாரு. நானே பேசிக்கினு வர்றேன். அம்மாகிட்ட மட்டும் மூச்சு வுடாத, சத்தியம் பண்ணு." பண்ணினேன். வேறென்ன செய்வது? ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு இங்கிருந்து நான் என்னத்தைக் கிழித்துவிட முடியும்?

விளையாட்டில் என் தொழிலுக்கு ஒரு வித்தை உண்டு. கூட இரண்டு பேர் கை கொடுத்தால், எவ்வளவு தூரத்தில் இருக்கிறவனையும் ஒரு வட்டம் போட்டு நான் நிற்கிற இடத்துக்கே வரவழைத்துவிடலாம். தம்பி வேண்டுமென்றே ஏதாவது ஒரு கடற்கரையில் போய் உட்கார்ந்துகொண்டு, கூப்புடுக்கா என்பான். கூப்பிடுவேன். பொத்தென்று என் காலடியில் வந்து விழுவான். முன்பெல்லாம் அதில் எனக்கு அவ்வளவு பெருமை. அவன் படியில் விழுந்த சேதி தெரிந்த பிறகு அந்த மந்திரத்தைப் போடும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டியது. மைக்கை அணைத்துவிட்டு அழுவேன்.

இதற்கு நடுவில் அம்மா. அப்பா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். நான் உள்ளே கம்ப்யூட்டரைப் போடுகிற அதே நேரத்துக்குத்தான் அவள் ஹாலில் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு ஜெபமாலை சொல்வாள். அருள் நிறைந்த மரியே இந்தக் காதில், அரக்கனின் உறுமல் அந்தக் காதில். ஒருநாள் முடித்துவிட்டு உள்ளே வந்தவள் திரையைப் பார்த்து, கொம்பு வைத்திருக்கிறதே அது என்ன என்று கேட்டாள். பேய் என்றேன். அது ஏன் உன் பின்னாலேயே வருகிறது என்றாள். நான்தான் கூப்பிட்டேன், நான் சொன்னதைச் செய்யும் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனாள். அன்றைக்குச் சோற்றில் உப்பே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று தம்பி அம்மாவிடம் சொல்லியிருந்தான். நட்சத்திரம் கட்டி, அவனுக்குப் பிடிக்குமென்று மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி வெல்லப்பாகில் உருண்டை பிடித்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கடைசி நேரத்தில், லீவு இல்லம்மா என்று போன் வந்தது. அம்மா டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தாள். மறுநாள் ஜெபக்குழு வீட்டுக்கு வந்தது. குழுவை நடத்துகிற அக்கா என் அறை வாசலிலேயே நின்று கண்ணை மூடி, இந்த வீட்டில் எதையோ கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள், அதுதான் பிள்ளை வருகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவன் தம்பி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு குவைத்தில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறான் என்று நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம் பண்ணியிருந்தேனே. மென்று முழுங்கினேன். அம்மா பங்குச் சாமியாரிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். அது வெறும் விளையாட்டும்மா என்று அவர் சிரித்திருக்கிறார். "அவரு சின்ன வயசு சாமியாரு, அவருக்கு என்னா தெரியும்" என்று வந்துவிட்டாள்.

அடுத்த நாள் நான் வேலையிலிருந்து வந்து பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது. மேசையெல்லாம் ஈரம். கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த உப்பைத் தீர்த்தத்தில் கரைத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு மேலே காற்றுக்காக இருக்கிற ஓட்டை வழியாக ஒரு சொம்பு ஊற்றியிருக்கிறாள். பேய் உள்ளேதானே இருக்கிறது. கேட்டால், ஆமாம் ஊற்றினேன் என்கிறாள், மறைக்கக்கூட இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்து ரிப்பேர் கடைக்குப் போனேன். கழற்றிப் பார்த்த கடைக்காரர், உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டிக்கொண்டே, "என்னாக்கா, ஊறுகா போட்டீங்களா?" என்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நாலைந்து நாளாகும் என்றார்.

அந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. வேலைக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். என்னாக்கா ஆளையே காணோம் என்று தம்பி ஒரு மெசேஜ் போட்டிருந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர், முதுகு எப்படி இருக்கிறது என்று அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்று திரும்பி வந்தது. பொம்மையை வைத்துக்கொண்டு என்ன தெரிந்துகொள்வது? மயக்கம் மறுபடி வந்ததா, சாப்பிட்டானா, மாடியில்தான் நிற்கிறானா, ஒன்றும் தெரியாது. கவுன்ட்டரில் ஒரு பெரியவர், ஏம்மா எம் பேரைக் கூப்பிடவே மாட்டேங்கறே என்று சத்தம் போட்டபோது அவருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கம்ப்யூட்டர் சரியாகி வந்த அன்று அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சனியன் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, வந்தால் நான் வெளியே போகிறேன் என்றாள். கனத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவள் நான். கை விட்டுப்போயிற்று, பொறுமையும் விட்டுப்போயிற்று.

"இதுலதாம்மா உம் புள்ளை பேசறான்," என்றேன்.

"எங்கிட்டதான் வாரா வாரம் பேசறானே."

"உங்கிட்ட பேசறது வேற."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வழி விட்டாள். நான் உள்ளே போய் ஒயரையெல்லாம் மாட்டினேன். ஏழு மணிக்கே ஜெபமாலையை முடித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "காதுல மாட்டறத எங்கிட்ட குடு," என்றாள்.

சத்தியத்தைப் பற்றி நினைத்தேன். ஆனால் அதற்குள் அவளே ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டாள். நான் விசைகளைத் தட்டினேன். கறுப்பு அங்கிக்காரி வந்து நின்றாள், அவள் பின்னால் கொம்பு வைத்தது. தூரத்திலிருந்து வாள்காரன் ஓடிவந்தான். அவன் பேசுகிறான் என்பது திரையோரத்தில் மினுக்கிய விளக்கிலிருந்து தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் பேசாததால் என் மைக்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்திருப்பான். சண்டை தொடங்கியது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் தன் வலது கையால் தன் முதுகைத் தடவிக்கொண்டிருந்ததை மட்டும் ஓரக்கண்ணில் பார்த்தேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "இதுல அவன் எது?"

முன்னால் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தவனைக் காட்டினேன்.

"உன் பேயை அவன் பக்கத்துல போய் நிக்கச் சொல்லு."

அது அப்படி நிற்காது, என் பின்னால்தான் நிற்கும் என்று விளக்க வாயெடுத்து விட்டுவிட்டேன். நானே அவன் பக்கத்தில் போய் நின்றேன். கொம்பு வைத்ததும் கூடவே வந்து நின்றது. என் உயிர் மளமளவென்று கழிந்தது. தள்ளிப் போக்கா என்று அவன் கத்தியிருக்க வேண்டும், அம்மா சட்டென்று, "இல்லப்பா, இருக்கட்டும்," என்றாள். மைக்கை நான் போட்டிருக்கவே இல்லை. அவனுக்குக் கேட்டிருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை அவன் போன் செய்தபோது நானும் வீட்டில் இருந்தேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். நல்ல வேலைம்மா, ரூமெல்லாம் குளுகுளுன்னு இருக்கு, ஒரு குறையும் இல்லை என்றான்.

"சந்தோஷம்பா," என்றாள் அம்மா. "நாங்களும் நல்லாத்தான் இருக்கோம்."