சித்தி கையில் நான் எழுதிய பெயர்

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஆனால் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பன்னிரண்டு வயதில் அதைச் சித்தியின் மணிக்கட்டில் எழுத வைத்தார்கள்.

அந்த மணிக்கட்டில் ஏற்கெனவே 'வேலு' என்று பச்சை குத்தியிருந்தது. சித்தி விரும்பியவர்; தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். பிரான்ஸ் மாப்பிள்ளை சித்தியைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்ததும், அதன்மேல் 'இயேசு' என்று குத்தி மறைத்துவிட அம்மா முடிவெடுத்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் கேள்வி கேட்க முடியாத பெயர் அல்லவா.

டாட்டூ கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுல தமிழ் எழுத்தெல்லாம் ஒல்லியா இருக்குதுக்கா. பழசு உள்ளேர்ந்து எட்டிப் பாக்கும். கையாலதான் வரையணும்."

"எம்பொண்ணு எழுதுவா," என்றாள் அம்மா.

கடைக்காரர் மெல்லிய தாளைச் சித்தியின் கைமேல் வைத்துப் பழைய பெயரை நகலெடுத்துத் தந்தார். அதன்மேல் இன்னொரு தாளை வைத்து, 'இயேசு' என்று கொழுத்த எழுத்துகளாக வரைந்தேன்.

அம்மா போன் பேச வெளியே போனபோது சித்தி என் காதருகே குனிந்தாள். "பாப்பா, அந்த 'லு'வோட கடைசிச் சுழிய மட்டும் மூடாம உட்டுடுடி. பூக்கொடி மாதிரி இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க." தலையாட்டினேன். சுழியை மூடாமல் விட்டேன். ஊதா மைத்தாளை அடியில் வைத்து, பேனாவால் அழுத்தி ஸ்டென்சிலும் எடுத்தாயிற்று.

அம்மா திரும்பி வந்தாள். கடைக்காரர் ஸ்டென்சிலைப் பழைய நகலோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "அக்கா, ஓரத்துல ஒரு சுழி வெளிய நிக்குது. பரவால்லயா?"

அம்மா திட்டுவாளோ, என் எழுத்தைக் குறை சொல்வார்களோ. அவள் வாய் திறக்கும் முன்பே, "தப்பா வரஞ்சிட்டேன், சரி பண்ணிடறேன்" என்று பேனாவைப் பிடுங்கி, மைத்தாளை மறுபடி அடியில் வைத்து, கடைசி எழுத்தின் காலைத் தடிமனாக இழுத்துவிட்டேன். சுழி போயே போய்விட்டது. சித்தி என்னையே பார்த்தாள். அம்மாவை வைத்துக்கொண்டு என்ன சொல்லியிருக்க முடியும்?

தாளைச் சித்தியின் ஈரப்படுத்திய கையில் அழுத்தி உரித்ததும் ஊதா எழுத்துகள் அழகாக நின்றன. ஊசி படுவதற்கு முன்பே சித்தி அழ ஆரம்பித்தாள்.

"எறும்பு கடிக்கற மாதிரிதான் சித்தி," என்று தைரியம் சொன்னேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். ஒரு பிசிறும் இல்லாமல் முடித்துவிட்ட நிம்மதி எனக்கு. அன்றைக்கு எதற்கும் பயப்படாமல் தூங்கினேன்.