லேப்டாப் பேட்டரி செத்துவிட்டது என்றார்கள்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நான் ஊர் ஊராகப் போய் முகாம் போட்டு, அரசாங்க அடையாள அட்டைக்காக ஆட்களைப் படம் பிடித்து, கைரேகை பதிந்து, கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இருந்தேன். ஒப்பந்தக் கம்பெனி. லேப்டாப் அவர்களுடையது, கெட்டால் பழி என்னுடையது. அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. கேமராவுக்கும் கைரேகைப் பெட்டிக்கும் லேப்டாப்பிலிருந்துதான் உயிர். பள்ளிக்கூட வராந்தாவில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தால் பேட்டரியை நம்பித்தான் பிழைப்பு.

அதனால் அதை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். கரண்ட் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சார்ஜரைச் சொருகி, சுடச் சுட அப்படியே நாள் முழுக்க விட்டுவைப்பது ஊர்ப் பழக்கம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். நிறைந்ததும் பிடுங்குவேன். சுத்தமாக வற்றவும் விடமாட்டேன். மெத்தைமேல் யாராவது வைத்தால் கத்துவேன். மாதம் ஒருமுறை அதற்கான கட்டளையைத் தட்டி ரிப்போர்ட் எடுப்பேன். புதிதில் பேட்டரி எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் இருக்கும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து முதல் முகாம் வல்லத்தில். காலையில் கரண்ட் இருந்தது, வேலை ஓடியது. ஒரு பெரியவர் விரலை வைத்திருந்தபோது கரண்ட் போனது. கூடவே லேப்டாப்பும் அணைந்தது. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒன்றும் இல்லை. கறுப்புத் திரை. கரண்ட் வந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி போனது, மறுபடி அணைந்தது.

"ஏம்மா, இன்னும் எத்தினி தபா வெரல வெக்கச் சொல்லுவ? தேஞ்சிடும்போல கீது" என்றார் பெரியவர்.

நிலக்கடலை அறுவடையை விட்டு வந்திருந்த ஒரு அம்மா பின்னாலிருந்து, "நாங்க மல்லாட்டை புடுங்கறத வுட்டுட்டு வந்து குந்திக்கினு கீறோம். இந்தம்மா இன்னாடான்னா டிவியப் போட்டுப் போட்டு நிறுத்துது" என்றாள்.

பாதிப் பேர் திட்டிக்கொண்டே போய்விட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் போன் செய்தார். "மேடம், நாளைக்குக் கண்டாச்சிபுரம். அங்கயும் இதே கதைன்னா மெஷின ஆபீஸ்ல குடுத்துட்டு வூட்ல இருங்க. ஆளு ரெடியா இருக்கு" என்றார். ஆள் எப்போதும் ரெடியாகத்தான் இருக்கும். எனக்கு வேறு வேலை ரெடியாக இல்லை.

வீடு திண்டிவனத்தில். அங்கே போகாமல் செஞ்சி வழியாக நேராக விழுப்புரம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரர் லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை.

"செல்லு போச்சு மேடம். பேட்டரி செத்துடுச்சு. வேற போட்டுக்கோங்க."

"பார்க்காமலே எப்டி சொல்றீங்க?"

"பத்து வருஷமா இதான மேடம் பண்ணிக்கினு கீறேன்."

"பத்து வருஷமா பார்க்காமதான் சொல்லிக்கினு கீறீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். அவருடைய பிளக்கிலேயே சார்ஜரைச் சொருகி ரிப்போர்ட் எடுத்தேன். ஒரு நிமிஷம் ஆனது. பேட்டரி புதிதில் பிடித்ததற்கும் இப்போது பிடிப்பதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கிழவி மாதிரி மெல்ல மெல்லத் தளர்ந்திருந்தால் சாவு என்று ஒத்துக்கொண்டிருப்பேன். ஓடிக்கொண்டிருந்தவள் திடீரென்று எப்படிச் சாவாள்?

எரிச்சலில் லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்து, பேட்டரியைக் கழற்றினேன். அதன் உள்பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். லேப்டாப்போடு சேரும் செப்புப் பற்களில் வாசலின் அப்பியிருந்தது. அதில் சந்தனம் இறங்கி, காய்ந்து, கரண்ட் வரும் ஓரப் பற்களின் இடுக்கை அடைத்திருந்தது; கணக்கைச் சொல்லும் நடுப் பற்கள் மட்டும் தப்பியதால் ரிப்போர்ட் வந்திருக்கிறது.

கடைக்காரர் குனிந்து முகர்ந்தார். "வாசனையா கீது மேடம்."

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் லாரி பேட்டரியை இறக்கி, முனைகளில் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி, வாசலின் தடவி, பொட்டு வைத்து மாட்டுவார். லாரிக்கு அது நல்லதுதான். அவருக்குப் பேட்டரி என்றால் எல்லாம் ஒரே ஜாதி.

கடைக்காரர் ஸ்பிரிட்டும் பழைய பிரஷும் கொடுத்தார். நானே துடைத்தேன். இடுக்கில் இருந்ததை ஊசியால் மெல்ல நோண்டி எடுத்தேன். காயவிட்டு மாட்டி, ஆன் செய்து, சார்ஜரைப் பிடுங்கினேன். திரை எரிந்தது. லேசாக ஆட்டினேன். எரிந்தது. அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

திண்டிவனம் பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றபோது அவருக்குப் போன் போட்டேன்.

"யோவ், என் லேப்டாப்ல கைய வெச்சியா?"

"நல்ல நாளாச்சேன்னு அதுக்கும் சேத்துப் பண்ணேன். உப்பு பூக்கக் கூடாது பாரு."

"லேப்டாப்ல எங்கய்யா உப்பு பூக்கும்? மரக்காணத்து உப்பளத்துலயா வெச்சிக்கினு கீறேன்?"

"பேஜாரு பண்ணாத. இன்னா ஆச்சு, அத்தச் சொல்லு."

வல்லத்தில் நடந்ததையும் சூப்பர்வைசர் சொன்னதையும் சொன்னேன். அவர் உடனே, "வேலைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். நாளைக்குத்தான் தெரியும் என்று வைத்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கண்டாச்சிபுரத்தில் வல்லத்தைவிடக் கூட்டம். சந்தை நாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தாள். மேலே ஃபேன் சுழல்வது குறைந்து நின்றது. வராந்தா முழுக்க "அய்யய்யோ" என்றது. நான் திரையைத்தான் பார்த்தேன். வெளிச்சம் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகம் அதில் அப்படியே இருந்தது. ஓரத்தில் பேட்டரி அளவு ஒவ்வொன்றாக, மரியாதையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அசையாத உக்காரும்மா" என்றேன்.

அவளை முடித்தேன். அடுத்த ஆளை முடித்தேன். அதற்கடுத்து ஒரு கிழவரின் விரல்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் போன் செய்தார்.

"மேடம், அங்க கரண்ட் இல்லியாமே? இன்னா பண்றீங்க?"

"வேல பண்றேன். ஆளுங்க நிக்கிறாங்க, வைங்க" என்று சொல்லி நானே வைத்துவிட்டேன்.