இட்லி ஆவியும் கேஸ் அலாரமும்

பரவையில் வீட்டிலேயே இட்லி அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கேஸ் கசிந்தால் கத்தும் அலாரத்தை அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தோம். இட்லிக் கொப்பரையைத் திறந்து ஆவி கிளம்பினாலே அலறும்.

"கழட்டி எறி" என்றார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. வாங்கிய கடையில் கேட்டேன். ஈரக்காற்று பட்டாலும் உள்ளேயிருக்கும் சென்சார் கேஸ் என்று ஏமாந்துவிடுமாம். சமையல் கேஸோ தரையோடுதான் பரவுமாம். ஆவி எட்டாத இடத்தில், சிலிண்டர் பக்கம் தாழ்வாக மாட்டினேன். வீண் அலறல் நின்றது.

போன மாதம் ஒரு மத்தியானம், அடுப்பே எரியாதபோது அலாரம் அலறியது. எனக்கு ஜலதோஷம், வாடையே தெரியவில்லை.

"பழையபடி ஆரம்பிச்சிருச்சா?" என்றபடி உள்ளே வந்த கணவர் ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"இப்ப ஆவி ஏது? சுவிட்சத் தொடாதீக!" என்று கத்திக்கொண்டே ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்தேன். பிறகு பார்த்தால், கேஸ் டியூபில் எலி கடித்த ஓட்டை!

"நல்லவேளை, நீ என் பேச்சக் கேக்கல" என்றார். அன்று முழுக்க பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுகிறேன். அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பது கணவர் பொறுப்பு. அது கத்தினால் அவருக்கு அம்புட்டு சந்தோஷம்!