கடல் கடந்த வீடும் ஒரு கையெழுத்தும்

சிலோயே தீவுக்காரர்களுக்கு இடம் பிடிக்காமல் போனால் நிலத்தை விட்டுவிட்டு மர வீட்டை அப்படியே கிளப்பிக்கொண்டு போவார்கள். அடியில் உருட்டுக் கட்டை கொடுத்து, மாடு பூட்டி, ஊரே சேர்ந்து கடற்கரைக்கு இழுக்கும். கடல் ஏறும் நேரம் பார்த்துப் படகில் கட்டி மிதக்க விடுவார்கள். கூலி கிடையாது. வயிறு நிறையச் சிப்பியும் உருளைக்கிழங்கும் ஆப்பிள் கள்ளும் போட்டால் போதும்.

எர்மிந்தாவின் ஏற்பாடும் அதுதான். ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அனனியாஸ் எதிர்த் தீவில் உருளைக்கிழங்கு போடுகிறவன், வாயைத் திறக்கவே யோசிக்கிறவன். கல்யாணம் முடிந்ததும் அவள் வீடு அவன் நிலத்துக்குப் போகும். அது என்ன லேசுப்பட்ட வீடா? சிப்பி ஆலையில் விரல் மரத்துப்போக உழைத்து, பலகை பலகையாக வாங்கி, தானே ஏணியில் ஏறி ஆணி அடித்துக் கட்டியது. வாடகை வீடு வாடகை வீடாக அம்மாவோடு மூட்டை தூக்கி வளர்ந்தவளுக்கு அதுதான் உயிர்.

கல்யாணப் பதிவுக்கு நாள் குறிக்கப் போனபோது, பதிவாளர் நேலிதா சொத்தைச் சேர்த்து வைப்பதா, தனித்தனியாகவா என்று கேட்டாள். எர்மிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வீடு தன்னுடையது, நிலம் அவனுடையது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்றாள்.

"அக்கா, வீடு நகரும்னு நமக்குத் தெரியும், சட்டத்துக்குத் தெரியாது. அவர் மண்ணுல போய் உக்காந்துட்டா அந்த மண்ணோட சேந்ததுன்னு சொல்லிடும். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒப்பந்தம் எழுதிக்குங்க."

 ஒப்பந்தம் கேட்டால் எர்மிந்தா அனனியாஸை நம்பாதவள் ஆவாள். கேட்காவிட்டால் வீடு போச்சு. மாடு தருவதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுத் துலியோவிடம் யோசனை கேட்டாள், அது பெரிய தப்பு. மோதிரம் மாற்றுவதற்கு முன்பே பிரிவினை பேசுகிறாள் என்று அவன் ஊர் முழுக்க நக்கலடித்தான்.

கடைசியில் படகுத்துறையில் வைத்து அனனியாஸிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மேட்டிலிருந்த வீட்டையே வெகுநேரம் பார்த்தான். சரி என்று மட்டும் சொன்னான். அந்த ஒற்றைச் சொல்லில் கோபமா வருத்தமா என்று தெரியாமல் அவள் தவித்துப் போனாள்.

ஒப்பந்தம் எழுதுபவர் எல்லாவற்றையும் வாசித்தார். அவரவர் சொத்து அவரவருக்கு, எங்கே நின்றாலும் வீடு அவளுக்கு. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்றார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு," என்றான் அனனியாஸ். "ஒத்து வரலேன்னா வீட்டைத் திரும்ப இழுக்கணுமே. இவ தனியாளா என்ன பண்ணுவா? மாடு நான் புடிக்கணும். வர்றவங்களுக்குச் சாப்பாடும் நான்தான் போடணும். அதையும் எழுதுங்க."

எழுதுபவர் அதையும் எழுதிக்கொண்டார்.  எர்மிந்தா சுவர்களைக் காப்பாற்றத்தான் வந்திருந்தாள். இழுக்க ஆள் வேண்டுமே என்று அவளுக்குக்கூடத் தோன்றவில்லை. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா?

கல்யாணம் முடிந்து வீடு கடலில் இறங்கியது. புகைக்கூண்டும் ஜன்னல்களுமாக அது தண்ணீரில் நிமிர்ந்து போனபோது, ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவளே அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.  அலை வாசற்படியைத் தொட்டதும் துலியோ மெல்லக் கேட்டான், பயமாக இல்லையா என்று.

"இல்ல. அதுக்குத் திரும்பி வரவும் வழி இருக்கு," என்றாள். பிறகு அனனியாஸின் படகில் ஏறி உட்கார்ந்தாள்.