மெர்சியைப் பார்க்கப் பொறாமையோடு போனேன்

லெந்து எனும் தவக்கால நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து கிளம்பினேன். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு நான்தான் செயலாளர். ஆனால் எந்தக் கூட்டமானாலும், "ஊழியம்னா மெர்சி மாதிரி செய்யணும்" என்றுதான் பேச்சு. மெர்சி என் ஹாஸ்டல் தோழி. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் யாருமில்லாத வயதான பெண்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். ஊர் சொல்லுமளவுக்கு அங்கே ஒன்றும் இருக்காது என்று நேரில் பார்த்துவிடும் ஆசையில்தான் போனேன்.

இரவு கடலூரில் தங்கை வீடு. மறுநாள் காலை சில்வர் பீச். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பிறகு சிதம்பரம் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். காலையில் இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்திலேயே அடிக்கும்.

சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ. இடத்தைச் சொன்னதும் ஓட்டுநரின் முகம் மலர்ந்தது.

"மெர்சியக்கா வூட்டுக்கா? எங்கம்மா படுக்கையில கெடந்தப்ப தெனம் வந்து அவுங்கதான் தொடச்சி வுட்டாங்க. காசு வேணாம், ஏறுங்க."

அவள் பெயரில் எனக்கு ஓசிப் பயணமா? இருபது ரூபாயை வலுக்கட்டாயமாகத் திணித்தேன்.

சின்ன ஓட்டு வீடு. வாசலில் ஒரு போர்டுகூட இல்லை; அதுவும் எரிச்சலாக இருந்தது. மெர்சி பின்கட்டில் அழுக்கான விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். "நானும் ஏதாவது செய்யறேன்" என்றேன். அங்கிருந்த பச்சையம்மா என்ற பாட்டியின் காலைக் கழுவிவிடச் சொன்னாள். கடலூர்ப் பக்கம் மீன் விற்றவர். சர்க்கரை நோயில் காலில் ஆறாத புண்.

என்னைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டார். "நீ வாணாம். மெர்சி வரட்டும்."

விடாமல் புண்ணின் கட்டுத்துணியை அவிழ்த்தேன். வாடை குப்பென்று ஏறியது. எழுந்து ஓடியும் வாசலை எட்டவில்லை. அப்போதுதான் துடைத்த தரையிலேயே வாந்தி எடுத்தேன்.

மெர்சி வந்தாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், தரையைத் துடைத்தாள், பிறகு குத்துக்காலிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"கால நீட்டு ஹெலன். மேலெல்லாம் பட்டிருக்கு."

"வேணாம் மெர்சி, நானே கழுவிக்கறேன்."

"சும்மா நீட்டு."

கழுவினாள். அந்த முகத்தில் நான் நடிப்பைத் தேடினேன். இருந்திருந்தால் நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பேன். இல்லை.

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பச்சையம்மாவிடம் திரும்பப் போனேன். அவர் காலை நீட்டினார்.

"மெர்சி மாதிரி வராது. சரி, செய்யி."

மெர்சி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லக் கழுவிக் கட்டினேன். இரண்டு தரம் கத்தினார். வியர்த்துவிட்டது எனக்கு.

இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போகிறவர்கள் இனிப்பு வாங்கிப் போகாதீர்கள். நான் வாங்கிப்போன பெட்டியில் ஒன்றைக்கூட, சர்க்கரை நோயால், அங்கே யாராலும் சாப்பிட முடியவில்லை. பழைய பருத்திப் புடவைகள் விரிப்புக்கு ஆகும். காலையிலேயே போங்கள், வேலை அப்போதுதான் இருக்கும்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முன்பு அவளுக்குக் கிடைத்த பேரின் மேல் பொறாமை. இப்போது அந்த மனசின் மேல். செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். மாதம் ஒரு வாரம் அங்கேதான் இருக்கிறேன். பச்சையம்மா இன்னும் மெர்சியைத்தான் கேட்கிறார்.