மீரான் ராவுத்தர் பெயர் இருந்த இடம்

செத்துப்போன ஒரு மனிதரின் பெயரை நான் அழித்தேன். தெரிந்தே அழித்தேன். அதற்காகப் பொய்க் கடிதம் எழுதி, கண் மங்கிய என் பெரியப்பாவிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

காந்திபுரத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. பக்கத்துக் கடையில் தராசு பழுதுபார்ப்பவர் காஜா பாய். இருபது வருடப் பழக்கம். மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்: "உங்க ஊருத் தேருச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடிச்சது எங்க பாட்டனாரு மீரான் ராவுத்தருங்க. எங்க அத்தா சொல்லிச் சொல்லித்தான் எங்கள வளத்தாருங்க."

நான் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும். எங்கள் ஊர்த் தேரில் இவருக்கு என்ன பங்கு...

சென்ற ஆண்டு, மாநில ஆவணக் காப்பகத்தின் பழைய புகைப்படங்களை இணையத்தில் பார்க்கலாம் என்று அறிந்தேன். எங்கள் குடும்பப் பெருமை ஏதாவது அகப்படுமா என்று மதிய வேளைகளில் தேடினேன். எங்கள் வீட்டார் முகம் ஒன்றுகூட இல்லை. அகப்பட்டது வேறு. தரையில் கிடத்திய தேர்ச் சக்கரம். சம்மட்டியோடு குனிந்து நிற்கும் ஒருவர். பாதி முகம் நிழலில். கீழே எங்கள் ஊர்ப் பெயர். அதையடுத்து, மீரான் ராவுத்தர்.

காஜா பாயின் பாட்டனார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

கூப்பிட்டுக் காட்டியிருந்தால் அழுதிருப்பார். ஏன் கூப்பிடவில்லை? பொறாமை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன்; அது பாதிதான். ஒரு முஸ்லிமின் கைபட்ட சக்கரத்தில் எங்கள் சாமி ஊர்வலம் போனதை என்னால் பொறுக்க முடியவில்லை. முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். உங்களிடம் நல்ல பெயர் வாங்க நான் இதை எழுதவில்லை.

படத்தின் கீழே திருத்தம் தெரிவிக்க ஒரு படிவம் இருந்தது. அவர் என் பூட்டன் நாச்சிமுத்து என்று எழுதினேன். என் பூட்டன் சம்மட்டியைத் தொட்டவரே இல்லை. குடும்பத்துப் பெரியவரின் கடிதம் கேட்டார்கள்.

"என்ன காயிதம் கண்ணு இது?" என்றார் பெரியப்பா.

"பால் சொசைட்டிக் காயிதமுங்க பெரியப்பா."

விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். சில வாரங்களில் படத்தின் கீழே பெயர் மாறியது; தகவல் தந்தவர் என்று என் பெயரும் சேர்ந்தது.

ஆறு மாதம் கழித்து, காஜா பாயின் மகள் அதே படத்தைக் கண்டெடுத்து அவருக்குக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை செல்போனோடு என் கடைக்குள் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டையைத்தான் விரும்பினேன்... சொல்ல வேண்டிய சுடுசொல்லெல்லாம் நாக்கில் தயாராக இருந்தது.

"ஏனுங்க, இது உங்க பூட்டனாருங்களா?"

"ஆமாங்க."

படத்தைப் பெரிதாக்கி அந்தப் பாதி முகத்தைப் பார்த்தார்.

"இத்தன வருசமா உங்ககிட்டயே பீத்திக்கிட்டுக் கெடந்திருக்கறனுங்க. எங்க அத்தா பொய் சொல்லிப்போட்டாராட்ட இருக்குது. மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் உடுங்க பாய்" என்றேன். பெருந்தன்மையோடு தோளைத் தட்டியும் அனுப்பினேன்.

அதன் பிறகு அந்தப் படிவத்தை மூன்று முறை திறந்திருக்கிறேன். நான் சொன்னது பொய் என்று தட்டச்சு செய்வேன். ஊரார், உறவினர், பெரியப்பாவின் கையெழுத்து என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். மூடிவிடுவேன். இதில்கூட எங்கள் ஊரின் பெயரை நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

காஜா பாய் இப்போது தேர்ப் பேச்சே எடுப்பதில்லை. போன வாரம் அவர் மகள் அவருடைய கடைக்கு வந்து, தாத்தாவைப் பற்றி ஏதோ கேட்டாள்.

"உங்க தாத்தா சொன்னதையெல்லாம் நம்பாத கண்ணு" என்றார்.

என் கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போய் உண்மையைச் சொல்லவில்லை.